போனைக் கறுப்பு வெள்ளையாக்கி இரண்டு வருஷம்

பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். விடியற்காலை ஏலம் முடிவதற்குள் போனில் ஐம்பது செய்தி வந்து குவிந்திருக்கும். பாதி வேலைக்கு ஆகாதவை.

2023 மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். எனக்கும் வேலை குறைவு. வெளியே கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்க, வீட்டுக்குள் உட்கார்ந்து ‘தாவோ தே ஜிங்’ படித்தேன். லாவோட்சு பெயரில் வழங்கும் சீன நூல், 81 சின்ன அத்தியாயங்கள். படிப்பைத் தேடுகிறவன் தினமும் சேர்க்கிறான், தாவோவை, அதாவது இயற்கையின் வழியைத் தேடுகிறவன் தினமும் குறைக்கிறான் என்கிறது 48ஆவது.

சரி, தினம் ஒரு செயலி என்று அழிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் போன் காலியானது. ஒன்றைக்கூட இதுவரை திரும்பப் போடவில்லை. இந்தப் பகுதிக்கு முழு மார்க்.

அடுத்ததில்தான் சறுக்கினேன். ஐந்து நிறங்கள் கண்ணைக் குருடாக்கும் என்று 12ஆவது அத்தியாயம் சொல்ல, திரையையே கறுப்பு வெள்ளையாக்கினேன். வீடியோ பார்க்கும் ஆசை ஒரே வாரத்தில் வடிந்துவிட்டது, உண்மை. ஆனால் ஒரு நாள் கரையிலிருந்து சீலா மீன் படம் வந்தது. செவுளைத் தூக்கிக் காட்டித்தான் எடுத்திருந்தார்கள். ரத்தச் சிவப்பா, வெளுத்துப்போன பழுப்பா? என் போனில் எல்லாம் ஒரே சாம்பல். மீனை வாங்கச் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் நாற்றமே பதில் சொன்னது.

போனில் செய்திக் குழுக்களை ஊமையாக்கியதிலும் ஒரு அடி. காற்று எச்சரிக்கையால் படகுகள் போகவில்லை என்ற செய்தியைப் பார்க்காமல் எட்டு பார் ஐஸ் இறக்கி, அது உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நூல் சொல்லும் வூ வெய், அதாவது வலிந்து செய்யாமை என்பதை நம் ‘சும்மா இரு’ மாதிரி புரிந்துகொண்டது என் தப்பு. வல்லக்காரர் சும்மா இருப்பதில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் சுக்கானைப் பிடிக்கிறார். நான் பாட்டுக்கு வீம்பாகக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏலம் முடியும்வரை கலர். படகுச் செய்தி வரும் அந்த ஒரு குழு மட்டும் சத்தம் போடும். அப்புறம் சாம்பல்தான். சாயங்காலம் அண்ணன் மகள் வீடியோ காலில் வந்தால் முதல் கேள்வியே, “சித்தப்பா, என் சட்டை என்ன கலர் சொல்லுங்க.”