பீடமா, பதவியா: மதகுரு தேர்தலில் நிற்பதற்கு மூன்று வழிகள்

எங்கள் மதச் சங்கத்தின் துணைவிதிகளைத் திருத்தியபோது ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் தலைமைக் குரு அரசியல் தேர்தலில் நிற்க விரும்பினால் என்ன செய்வது? வரைவுக் குழுவில் நானும் இருந்தேன். மூன்று வழிகள் முன்னால் இருந்தன. நிற்கவே கூடாது என்று தடுக்கலாம். குருவாக இருந்துகொண்டே நிற்க விடலாம். பீடத்தை விட்டு இறங்கிவிட்டு நில்லுங்கள் என்று சொல்லலாம். நான் மூன்றாவதற்குக் கை தூக்கினேன், இப்போதும் அந்தப் பக்கம்தான். அதனால் இதை நடுநிலை அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

நல்லவர்கள் அரசியலுக்கு வரட்டுமே என்பது ஒரு வாதம். மதம் நுழைந்தால் அரசியல் கெட்டுவிடும் என்பது இன்னொன்று. இரண்டையும் எல்லோரும் கேட்டுச் சலித்திருப்பார்கள். குருக்களில் நல்லவரும் உண்டு, மோசமானவரும் உண்டு. வக்கீல்களிலும் அப்படித்தான். அதை வைத்து விதி எழுத முடியாது.

தடையை முதலில் பார்க்கலாம். இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1796-இலேயே மதகுருக்கள் சட்டமன்றத்தில் அமரக் கூடாது என்று அரசியலமைப்பில் எழுதி வைத்தது. 1977-இல் அந்த மாநிலம் நடத்திய அரசியலமைப்புத் திருத்த மாநாட்டுக்குப் பால் மெக்டேனியல் என்ற பாப்டிஸ்ட் போதகர் பிரதிநிதியாகப் போட்டியிட, அதே தடையைக் காட்டி அவரை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையைத் தூக்கி எறிந்தது. ஒருவருக்கு மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையும் உண்டு, பதவிக்குப் போட்டியிடும் உரிமையும் உண்டு. ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றது என்று அரசு பேரம் பேசக் கூடாது என்பதுதான் சாரம்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. டேவிட் கெய்ர்ன்ஸ் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஒருமுறை குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மக்களவையில் உட்காரக் கூடாது என்ற பழைய சட்டம் அவரை மறித்தது. கடைசியில் 2001-இல் சட்டத்தையே மாற்றினார்கள், அவரும் அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெயித்தார். அதே நாட்டின் மேலவையில் 26 ஆங்கிலிக்கன் ஆயர்கள் தேர்தலே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தாய்லாந்து, பூட்டான் போன்ற நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பிக்குகளுக்கு வாக்குரிமையே தருவதில்லை. மதத்தை அரசியலுக்கு மேலே வைப்பதாகத்தான் அங்கே காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகத் தோன்றவில்லை. ஒரு குடிமகனின் வாயைக் கட்டுவதாகத்தான் தோன்றுகிறது.

இரண்டாவது வழி, இரண்டு நாற்காலியிலும் இருக்க விடுவது. இதற்கு நல்ல உதாரணங்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆடம் கிளேட்டன் பவல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு பெரிய கிறிஸ்தவச் சபையின் போதகராக இருந்துகொண்டே 1945 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தவர். கறுப்பின மக்களுக்கு வேறு மேடைகள் மூடிக்கிடந்த காலத்தில் சபைதான் அவர்களுடைய கட்சி அலுவலகம், வங்கி, பள்ளி எல்லாமே. அங்கே போய்ப் பீடத்தை விட்டு இறங்கு என்று சொல்வது வசதியானவர்களின் யோசனை. இன்றைக்கு ரஃபேல் வார்னாக் செனட்டராகவும் அட்லாண்டாவின் எபினேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகராகவும் இருக்கிறார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் சைப்ரஸைப் பாருங்கள். பேராயர் மகாரியோஸ் 1960 முதல் நாட்டின் அதிபர். திருச்சபைத் தலைவரும் அவரே. 1972-இல் அவருக்குக் கீழே இருந்த மூன்று ஆயர்கள் அதிபர் பதவியை விடுங்கள் என்றார்கள். அவர் மறுத்தார். அவர்கள் அவரைப் பதவிநீக்கியதாக அறிவிக்க, 1973-இல் ஆயர்களின் பெரிய பேரவை ஒன்று கூடி அந்த மூவரையும் நீக்கியது. அரசியல் சண்டை நேராகப் பீடத்துக்குள் புகுந்துவிட்டது. வட அயர்லாந்தில் இயன் பெய்ஸ்லி, தாமே தொடங்கிய சபையைப் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கி நடத்தியவர். 2007-இல் பழைய எதிரிகளோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்டு முதல் அமைச்சரானார். சபைக்குள் அதிருப்தி கிளம்பியது. அடுத்த ஆண்டே சபைத் தலைமையை விட்டார். அரசியலில் சமரசம் செய்யத்தான் வேண்டும், அதுதான் வேலை. பிரசங்க மேடையில் சமரசம் செய்தால் துரோகம் என்பார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் எந்த வேலையாவது கெடும்.

சரி, மூன்றாவது வழிக்கு வருகிறேன். இங்கே முதலில் கேட்க வேண்டியது, பதவி விலகச் சொல்லும் விதியை யார் எழுதுகிறார்கள் என்பது. மெக்சிகோவில் அரசே எழுதியிருக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேர்தலில் நிற்க விரும்பும் மதகுரு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே குருத்துவப் பணியை விட்டு முறைப்படி விலகியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட தடைதான், பெயர்தான் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையோ தன் ஆட்களுக்குத் தானே விதி போட்டுக்கொண்டது. ஆட்சி அதிகாரத்தில் பங்கு தரும் பொதுப் பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை அமெரிக்காவிலேயே அடுத்தடுத்துப் பார்க்கலாம். 1978-இல் நீதிமன்றம், போதகரைத் தடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்றது. 1980-இல் போப் இரண்டாம் ஜான் பால் குருக்கள் தேர்தல் பதவிகளில் இருக்கக் கூடாது என்று உத்தரவிட, 1971 முதல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டிரைனன் மறுபடி போட்டியிடாமல் ஒதுங்கினார். இரண்டும் முரண்பட்டவை போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மதமும் அரசும் தனித்தனி என்றால், குருவின் வாழ்க்கையை அரசு வரையறுக்கக் கூடாது. தன் குரு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சபை முடிவு செய்யலாம். பிரிவினை இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில்தான், ஒரு மனிதருக்குள்ளே இல்லை. அதனால்தான் இந்த விதி சட்டப் புத்தகத்தில் வேண்டாம், எங்கள் துணைவிதியில் இருக்கட்டும் என்று குழுவில் வாதாடினேன்.

ஆனால் என் கையைத் தூக்க வைத்தது இந்தத் தத்துவம் இல்லை. திரும்பி வருவது எப்படி என்ற கேள்விதான்.

போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எப்போது விலகணும், எத்தனை மாதத்துக்கு முன்னால், யாருக்குக் கடிதம் கொடுக்கணும், இதெல்லாம் விதிகளில் இருக்கும். தேர்தலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பவர்கள். தோற்ற குரு மறு வாரம் என்ன செய்வார்? பழைய பீடத்தில் வந்து உட்கார்ந்தால், எதிரே இருப்பவர்களில் யார் தனக்கு வாக்குப் போட்டார்கள் என்று அவர் மனம் கணக்குப் பார்க்கும். அவர் பார்க்காவிட்டாலும் பார்ப்பதாக அவர்கள் நினைப்பார்கள். மனக்கஷ்டத்தைச் சொல்ல அவரிடம் போன குடும்பம், எதிர்க்கட்சிக் கொடி கட்டிய குடும்பமாக இருந்தால் இனிப் போகுமா? ஜெயித்துப் பதவிக்காலம் முடிந்து வந்தாலும் இதே சிக்கல்தான், இன்னும் கூடுதலாக.

நிகராகுவாவின் எர்னெஸ்டோ கார்டெனால் குருவாக இருந்துகொண்டே கலாசார அமைச்சரானவர். எண்பதுகளின் நடுவில் அவருடைய குருத்துவப் பணிகள் முடக்கப்பட்டன. அந்தத் தடையை நீக்கப் போப் பிரான்சிஸ் வரவேண்டியிருந்தது, 2019-இல். அமைச்சர் பதவி போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். பராகுவேயின் பெர்னாண்டோ லூகோ ஆயராக இருந்தவர். விலகுகிறேன் என்று சொல்லியும் திருச்சபை உடனே விடவில்லை. 2008-இல் அதிபர் தேர்தலில் ஜெயித்த பிறகுதான் முறையான விடுவிப்பே கிடைத்தது. டிரைனன் மட்டும் சுமுகமாகத் தப்பினார். அவர் குருவாகவே இருந்து, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கப் போனார். ஒரு சபையின் மக்களை வழிநடத்தும் பொறுப்புக்கு அவர் திரும்ப வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நாங்கள் எழுதியது இது. வேட்புமனு தாக்கல் செய்த அன்றே குருவின் எல்லாப் பொறுப்புகளும் தாமாக முடியும். கணக்கில் கையெழுத்து, உறுப்பினர் பட்டியல், காணிக்கைப் பொறுப்பு எதுவும் அவரிடம் இருக்காது. ஜெயித்தாலும் தோற்றாலும் தானாகத் திரும்ப முடியாது. அடுத்த பொதுக்குழு முடிந்த பிறகு விரும்பினால் விண்ணப்பிக்கலாம், உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்வார்கள். கை தூக்கும் வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். குரு சங்கத்தின் வீட்டில் குடியிருப்பவர், சங்கம் தரும் தொகையில் வாழ்பவர். விலகினால் இரண்டும் போகும். கையில் காசு இருக்கிற குருதான் நிற்க முடியும் என்றாகிவிடும். தேர்தல் முடிந்து சில மாதங்கள்வரை வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தோம். போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், எங்களுடையது உறுப்பினர்கள் கூடித் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் சங்கம். பீடம் வம்சாவழியாக வரும் மடங்களிலும், குருவின் ஆளுமையே அமைப்பாக இருக்கும் இடங்களிலும் இந்த விதி செல்லுபடியாகுமா என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. அங்கே ராஜினாமா கடிதம் யாருக்குக் கொடுப்பது? இலங்கையில் 2004-இல் ஒரு கட்சி பிக்குகளை மட்டுமே வேட்பாளர்களாக நிறுத்தி ஒன்பது இடங்களைப் பிடித்தது. காவியோடு போய்க் காவியோடுதான் உட்கார்ந்தார்கள். துறவு என்பதைக் கழற்றி வைக்க முடியாத ஆடையாகக் கருதுபவர்களிடம் எங்கள் துணைவிதி நன்றாக முழிக்கும்.

நியமனப் பதவிகளில் குழு இரண்டாகப் பிளந்தது. வாக்கே இல்லாமல் அரசு கூப்பிட்டு ஏதாவது வாரியத்தில் உட்கார வைத்தால் அதையும் இந்த விதியில் சேர்ப்பதா? கட்சி சார்பு இல்லையே, போகட்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். நியமிப்பவர் யார் என்று பாருங்கள் என்பது என் பக்கம். விதியின் அந்தப் பகுதி அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதையும் சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.