அக்குள் வியர்வை: மூன்று வார லீவில் நான் பார்த்த இரண்டு கிளினிக்குகள்

பதினெட்டு வயதிலிருந்து எனக்கு அக்குளில் வியர்வை அதிகம். அதற்கு வெயிலும் ஓட்டமும் தேவையில்லை, ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டை நனைந்துவிடும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு கறுப்புச் சட்டை தவிர வேறு நிறம் வாங்கியதே இல்லை. ரயிலில் கையைத் தூக்கி மேல்பிடியைப் பிடிக்க மாட்டேன். அங்கே தோல் டாக்டரிடம் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த முறை ஊருக்கு வந்ததும், "வந்த கையோடு காட்டிட்டுப் போ" என்று அக்கா விடவில்லை.

முதலில் போன இடம் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வரவேற்பில் இருந்தவர், வியர்வையைக் குறைக்க அக்குளில் போடும் போட்டாக்ஸ் ஊசி பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்றே பணம் கட்டினால் நாளைக்கே போட்டுக்கொள்ளலாம் என்றார். எத்தனை வருடமாக இருக்கிறது, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது, ஒரே ஒரு டாக்டர் அம்மா நடத்தும் சின்ன கிளினிக். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் உள்ளே போனதும் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எந்த வயதில் ஆரம்பித்தது? இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? தூங்கும்போது நிற்கிறதா? கடைசிக் கேள்வியை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஆமாம், காலையில் எழும்போது பனியன் காய்ந்துதான் இருக்கும். அப்பாவுக்கும் இதே தொல்லை இருந்ததை அக்கா நினைவுபடுத்தினாள்.

இளம் வயதில் தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக, தூக்கத்தில் நின்றுவிடுகிற வியர்வை என்றால் பெரும்பாலும் பின்னால் வேறு நோய் எதுவும் இருக்காது என்று அவர் விளக்கினார். சுரப்பிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றைத் தூண்டும் நரம்பு தேவைக்கு மேல் வேலை செய்கிறது, அவ்வளவுதான். அதுவே இரவில் உடம்பு முழுக்க நனைந்தாலோ, நடு வயதில் திடீரென்று ஆரம்பித்தாலோ, எடை குறைவு, படபடப்பு, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ தைராய்டு, சர்க்கரை, தொற்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் வியர்க்குமாம்.

அப்புறம், "இப்போ என்ன போடுறீங்க?" என்று கேட்டார். தினமும் காலையில் குளித்ததும் ஸ்ப்ரே அடிப்பதாகச் சொன்னேன். என் பிரச்சினை நனைவது, அந்த ஸ்ப்ரேயோ டியோடரன்ட். அது வாடையைத்தான் குறைக்கும், வியர்வையைத் தொடாது. வியர்வையைக் குறைக்க அலுமினியம் உப்பு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேண்டும். எனக்கு 20 சதவீத அலுமினியம் குளோரைடு ரோல்-ஆன் எழுதிக் கொடுத்தார். எழுதியதை விட, பூசும் முறையைச் சொல்லிக் கொடுக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். காலையில் கூடாது, படுக்கப் போகும்போதுதான் பூச வேண்டும். இரவில் வியர்வை குறைவாக இருப்பதால்தான் மருந்து வியர்வைக் குழாய்க்குள் இறங்கி அடைப்பாக நிற்கும். காலையில் கழுவிவிடலாம், அடைப்பு போகாது. ஷேவ் செய்தால் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் இடைவெளி விட வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டும் முதல் நாள் தப்பு செய்தேன். குளித்துவிட்டு ஈரம் போகாமலே பூசினேன், எரிச்சலில் பாதி இரவு தூங்கவில்லை. ஈரத்தோடு சேர்ந்தால் அந்த மருந்திலிருந்து அமிலம் உண்டாகுமாம், எரிச்சலுக்கு அதுதான் காரணம். மறுநாள் எரிச்சலுக்கு லேசான ஸ்டீராய்டு க்ரீம் கொடுத்து, இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு ஃபேனுக்கு நேரே நின்று அக்குளை நன்றாகக் காயவைத்த பிறகே பூசினேன். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. முழுக்க நிற்கவில்லை, ஆனால் சட்டைக்கு வெளியே தெரியும் அளவுக்கு நனையவில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு இரவு போதுமாக இருக்கிறது.

போட்டாக்ஸ் பற்றியும் கேட்டேன். அது நல்ல சிகிச்சைதான் என்றார். ஒவ்வொரு அக்குளிலும் வழக்கமாக 50 யூனிட், பத்துப் பதினைந்து இடத்தில் பிரித்துக் குத்துவார்கள். நரம்பிலிருந்து சுரப்பிக்குப் போகும் சைகையை அது தடுக்கிறது. ஆனால் நிரந்தரம் இல்லை, பலருக்கு ஆறேழு மாதத்தில் வியர்வை திரும்பும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும், எங்காவது விட்டுப்போயிருந்தால் அதன் பிறகுதான் தெரியும். லீவில் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அந்த நேரத்தில் நாம் விமானம் ஏறியிருப்போம். திரும்பத் திரும்பப் போட வேண்டிய ஊசியை, வசிக்கிற இடத்தில் தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. மாத்திரையும் உண்டு, வாய் வறளும், வெயிலில் உடம்பு சூட்டைத் தணிக்க முடியாமல் போகலாம் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார். நரம்பைத் துண்டிக்கும் ஆபரேஷனில் வியர்வை முதுகுக்கும் வயிற்றுக்கும் இடம் மாறுவது சகஜம், அதைத் திருப்பவும் முடியாது.

கிளம்பும் முன் ஒன்று கேட்டு வாங்கினேன், உங்களுக்கும் அதைச் சொல்வேன்: மருந்துச்சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயர், அளவு, பூசும் முறை மூன்றையும் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிராண்ட் நாட்டுக்கு நாடு மாறும். இந்தச் சீட்டு இருந்தால் பாட்டில் தீர்ந்ததும் அங்குள்ள மருந்துக்கடையிலோ டாக்டரிடமோ முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.