நாடாப்புழுவா, கல்லீரல் புழுவா: வாய் யாருக்கு?

இரண்டும் தட்டைப்புழுக்கள்தான். பந்தியில் உட்காரும் விதம்தான் வேறு.

நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அரைவேக்காட்டு மாட்டிறைச்சி வழியே வரும் டீனியா சாஜினேட்டா நம் சிறுகுடலில் பல மீட்டர் நீளம் வளர்கிறதே, அத்தனையும் மேல்தோல் வழியே உறிஞ்சியதுதான். அந்தத் தோல் உயிருள்ள படலம். அதில் நெருக்கமாக முளைத்த நுண்மயிர்கள் உறிஞ்சும் பரப்பைப் பல மடங்கு கூட்டுகின்றன. குளுக்கோஸைச் சோடியம் அயனியோடு சேர்த்து, செறிவு குறைவான இடத்திலிருந்தும் உள்ளே இழுத்துவிடும். நம் குடலின் உட்சுவரும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. குடலை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் நாடாப்புழு என்றுகூடச் சொல்லலாம். செரிக்கும் வேலை முழுக்க நம்முடையது!

ஆடுமாடுகளின் பித்தநாளத்தில் வாழும் கல்லீரல் புழு ஃபாசியோலா ஹெபாடிகா சுமார் 3 செ.மீ. நீளம்தான். இதற்கு வாய், தொண்டை, கிளைவிட்ட குடல் எல்லாம் உண்டு. இரத்தத்தையும் திசுவையும் உறிஞ்சி, நொதிகளால் தானே செரித்துக்கொள்ளும். மலவாய் மட்டும் இல்லை. கழிவை வாய் வழியாகவே கக்கும். குளுக்கோஸை இதுவும் தோல் வழியே எடுக்கிறது.

சிக்கனத்தில் என் ஓட்டு நாடாப்புழுவுக்கு. ஆனால் குடலுக்கு வெளியே, செரித்த உணவு கிடைக்காத பித்தநாளத்தில் வாய் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம்.