கூனபாரபிரன்: ஊரில் அறையா, மலையடியில் கூடாரமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள வாரம்பங்கிள் மலைகளைக் காணச் செல்வோர், கூனபாரபிரன் என்னும் சிற்றூரில் மோட்டல் அறை எடுப்பதா, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளித் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப் பிளாக்மனில் கூடாரம் அடிப்பதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஊரில் கடைகளும் பெட்ரோலும் கிடைக்கும். பூங்காவுக்குள் இரண்டும் இல்லை. 3.9 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகம் வழியிலேயே இருப்பதால், அதைப் பகலில் பார்ப்பதற்கு எங்கே தங்கினாலும் ஒன்றுதான்.

வேறுபாடு தெரிவது இருட்டிய பிறகுதான். 2016-இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வான் பூங்காவாக, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காத வானம் உள்ள இடமாக, அறிவிக்கப்பட்ட இந்தத் தேசியப் பூங்காவில், நிலவில்லாத இரவில் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தாலே பால்வெளி மண்டலமும் மெகல்லன் மேகங்கள் எனப்படும் அண்டைச் சிறு விண்மீன் மண்டலங்களும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஊரில் தங்கியவர் அதே வானத்தைப் பார்த்துவிட்டு, கங்காருகள் குறுக்கே பாயும் இருட்டுச் சாலையில் காரோட்டித் திரும்ப வேண்டும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செங்குத்துச் சுவர்போல் எழும் பிரெட்நைஃப் பாறையைச் சுற்றிவரும் 14.5 கிலோமீட்டர் நடைக்கும் வெயில் ஏறுமுன் கிளம்புவது நல்லது என்பதால், அங்கும் கூடாரவாசிக்கே வசதி.

குளிர்கால இரவுகளில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. சிறு குழந்தைகளுடன் அப்போது செல்பவர்கள் ஊரில் அறை எடுப்பதே சரி. மற்றவர்கள் கம்பளியோடு பூங்காவுக்குள் தங்கலாம்.