டிஸ்சார்ஜுக்கு அப்புறம் யார்? ஆலோசகர், ஸ்பான்சர், ரெகவரி கோச்

என் தம்பி குடிநோய் மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவன் கையில் இருந்தது ஒரு துணிப்பை, ஒரு மாத்திரைக் கவர், இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லித் தேதி எழுதிய சீட்டு. உள்ளே இருந்த ஒரு மாதமும் மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் வகுப்பு, சுற்றிலும் ஆட்கள். வெளியே வந்தால் பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்குள் இரண்டு டாஸ்மாக். குடும்பங்கள் கடன் வாங்கிய பணத்தையும் மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் அந்த ஒரு மாதத்திலேயே கொட்டிவிடுகிறோம். கண்டம் இருப்பது அதற்கடுத்த மூன்று மாதத்தில்.

அந்த மூன்று மாதத்துக்குத் துணையாக வரக்கூடியவர்கள் மூன்று விதம்: படித்துத் தொழிலுக்கு வந்த ஆலோசகர், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவில் புதியவருக்குக் கைகொடுக்கும் மூத்த உறுப்பினரான ஸ்பான்சர், அமெரிக்காவில் இருபது வருடமாக வளர்ந்துவரும் ரெகவரி கோச். மூவரும் பேசுவது ஒன்றுபோலத் தெரியும். செய்யும் வேலை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், உயிரே போகலாம். அந்தக் கட்டத்தில் இந்த மூவருக்குமே வேலை இல்லை, டாக்டரும் ஆஸ்பத்திரியும்தான். நான் ஒப்பிடுவது அதைத் தாண்டி வந்தபிறகு.

வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆறரை மணி. கம்பெனியில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். தம்பி கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு முதலில் மையத்துக்குப் போன் போட்டான். ஆலோசகர் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார், காலையில் கூப்பிடுங்கள் என்றார் வாட்ச்மேன். அதில் ஆலோசகர் மேல் தப்பே இல்லை, அவருக்கும் வீடு உண்டு. அடுத்து, ஒரே ஒரு ஏஏ மீட்டிங்கில் நம்பர் கொடுத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியை விட்டுப் பதினாறு வருடம். "எங்க நிக்கிற தம்பி? சரி, போனை வைக்காத. பேசிக்கிட்டே நட" என்றாராம். இருபது நிமிடம். வீட்டு வாசலுக்கு வரும்வரை அவர் தன் பழைய கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அறிவுரை ஒன்றுகூட இல்லை.

ஏஏ பிறந்ததே இப்படி ஒரு போனில்தான். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், போன தொழில் காரியம் தோற்றுப்போய், ஹோட்டல் பாரின் சத்தம் இழுக்க நின்ற பில் வில்சன், இன்னொரு குடிநோயாளியிடம் பேசியே ஆகவேண்டும் என்று போன் போட ஆரம்பித்தார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்பான்சரின் பலம் அதுதான்: காசு கிடையாது, ஆபீஸ் நேரம் கிடையாது, உன்னோடு பேசினால் அவருடைய நிதானமும் நிலைக்கும். வருடக்கணக்கில் கூட வருவார். அவர் எல்லையும் அதிலேயே இருக்கிறது. அவருக்குத் தெரிந்த வழி, குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகள். அதில் ஒட்டாதவருக்கு அவரிடம் வேறு வழி கிடையாது. வேலை வாங்கித் தருவது, வீட்டுச் சண்டையைத் தீர்ப்பது அவர் பொறுப்பும் இல்லை. மாத்திரை விஷயத்தில் டாக்டர் வேலை பார்க்காதீர்கள் என்றுதான் ஏஏ தன் உறுப்பினர்களுக்குச் சொல்கிறது. ஆனாலும் "மாத்திரை சாப்பிட்டா அது சுத்தமான நிதானமா?" என்று கேட்கும் ஓரிரு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆலோசகரின் பலம் வேறு. குடிக்கு அடியில் மனச்சோர்வு இருக்கிறதா, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் அவர். என் தம்பி மனைவியைத் தனியாக உட்காரவைத்து, ஐந்து வருடமாக அவள் யாரிடமும் சொல்லாததைச் சொல்லவைத்தவரும் அவர்தான். ஸ்பான்சரால் அது முடிந்திருக்காது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தபின் 1980-ல் தொடங்கிய சிகிச்சை மையம் முதல் இன்றுவரை நம் ஊரில் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் ஆலோசகர் தன் மேசையை விட்டு வர முடியாது. நாம்தான் அவரிடம் போகவேண்டும்.

ரெகவரி கோச் அந்த மேசையை விட்டு எழுந்து வருபவர். தானே குடியிலிருந்தோ போதையிலிருந்தோ மீண்டவர், பயிற்சி எடுத்தவர், பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள அமைப்பு ஒன்று நடத்தும் பெயர்பெற்ற கோச் பயிற்சி 30 மணி நேரம். 2007-ல் ஏழைகளுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டம், முறையான பயிற்சி, மேற்பார்வை, சிகிச்சைத் திட்டத்தோடு இணைப்பு மூன்றும் இருந்தால் இந்தச் சேவைக்கு மாநிலங்கள் பணம் கொடுக்கலாம் என்று வழிகாட்டியது. அங்கேயே ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2014 முதல், அளவுக்கு மீறிய போதையால் எமர்ஜென்சிக்கு வருபவரின் கட்டிலருகே கோச்சை அனுப்புகிறார்கள். கண்விழிக்கும் நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே கட்டிலில் ஒருநாள் கிடந்தவராக இருக்கலாம்.

ஏஏ, மாத்திரை, மதம், யோகா, எந்த வழியானாலும் சரி என்று கோச் ஏற்றுக்கொள்வார். லைசென்ஸ் புதுப்பிக்க, கோர்ட்டுக்கு, பழைய முதலாளியைப் பார்க்கக் கூடவே வருவார். குடியை விடுவது ஒரு வேலை, விட்டபின் மிஞ்சும் நேரத்தையும் கடனையும் அவமானத்தையும் சுமப்பது இன்னொரு வேலை. கோச் இந்த இரண்டாவதற்கான ஆள்.

அதை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை, அந்தப் பெயர் இல்லாமல். மையத்தில் வார்டு உதவியாளராக இருந்தவர், அவரும் ஒரு காலத்தில் அங்கே நோயாளி, டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள் தன் லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, "அக்கா, நான் கொஞ்சம் சுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பீரோவைத் திறக்கவே இல்லை. நேரே மோட்டார் ரூமுக்குப் போய்ப் பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் கைவிட்டார். ஒரு குவாட்டர். பைக் சைடு பாக்ஸில் இன்னொன்று, பாதி காலி. நாங்கள் நாலு பேர் மூன்று வருடமாகத் தேடிக் கண்டுபிடிக்காததை அவர் நாலு நிமிடத்தில் எடுத்துவிட்டார். தம்பி தலை குனிந்து நின்றான். "நான் ஃப்ளஷ் டாங்க்ல வெச்சிருந்தேன் தம்பி" என்று அவன் தோளில் கைவைத்தார். தம்பி சிரித்துவிட்டான். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இதில் ஏஏ பக்கம் கை ஓங்கியிருக்கிறது. 27 ஆய்வுகளில் 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2020-ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் உலக அமைப்பு) தொகுப்பு, முறையாக ஏஏ-வோடு இணைத்துவிடும் சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட குடியை அறவே தொடாமல் இருக்கவைப்பதில் மேலாக இருப்பதாகச் சொன்னது. கோச் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் அந்த அளவு உறுதி இன்னும் இல்லை. பட்டம் இல்லாதவராலும் இந்த வேலை முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, உடம்புக்குக் கெடுதல் வரும் அளவுக்குக் குடித்த ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை பேசவைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஆண்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பில் 26 சதவீதம். 2017-ல் வெளியான ஆய்வு இது. அங்கே பேசியவர்கள் தாங்களே குடியிலிருந்து மீண்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பயிற்சியும் மேற்பார்வையும் எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோச் முறையில் எனக்குப் பயமும் அங்கேதான். மேற்பார்வை இல்லாத கோச் நண்பனாகிவிடுவார், கைமாற்று கொடுப்பார், வாங்குவார். அவரே சறுக்கினால் அவரை நம்பியிருந்தவரும் சேர்ந்து சறுக்கலாம். ஆலோசகருக்குக் கேஸ் ஷீட் இருக்கிறது, ஸ்பான்சருக்குப் பின்னால் ஒரு குழுவே இருக்கிறது. கோச்சுக்கு யார் என்று கேட்டுவிட்டுத்தான் நம்பவேண்டும்.

என் கணக்கில் முதல் மூன்று மாதத்துக்குக் கோச் மாதிரியான ஆள்தான் முதலிடம். ஆலோசகரை மாதம் இரண்டு தடவையாவது விடக்கூடாது, முக்கியமாகக் குடும்பத்துக்காக. அதற்கப்புறம் வரும் வருடங்களுக்கு ஸ்பான்சர். பணம் இல்லாத வீட்டில் ஒன்றை மட்டும்தான் பிடிக்க முடியும் என்றால் யோசிக்காமல் ஏஏ.

நம் ஊரில் கோச் என்ற பெயரில் ஆள் கிடைப்பது அரிது. கோச் எங்கே, சிகிச்சைக்கே பலர் போய்ச் சேர்வதில்லை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று மத்திய அரசுக்காக எடுக்கப்பட்டு 2019-ல் வந்த கணக்கெடுப்பு சொன்னது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மையத்தில் சேர்க்கும்போது ஏசி ரூம் உண்டா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இங்கே சிகிச்சை எடுத்துக் குடியை விட்டவர்கள் யாராவது வேலை பார்க்கிறார்களா? டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரம் அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வருவாரா? ராத்திரி கூப்பிட்டால் யார் எடுப்பார்? நாங்கள் பணம் கட்டின அன்று இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அந்த உதவியாளர் வந்தது அவராக வந்ததுதான், பஸ் செலவுக்குக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.