சபையைக் குறை சொன்னால்: மௌனமா, பதிலா?

புதிய கிறிஸ்தவ சபை இயக்கங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். “இவர்கள் உபதேசமே தப்பு” என்று யாரோ மேடையில் சொல்லிவிடுகிறார். பேசாமல் இருப்பதா, எழுதி விளக்குவதா?

உழைப்பு
மௌனம்: வேலை ஒன்றுமில்லை. நாக்கை அடக்குவதுதான் கஷ்டம்.
பதில்: ஒரு கடிதத்தோடு முடியாது. மறுப்புக்கு மறுப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

பலன்
மௌனம்: 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அசூசா தெரு எழுப்புதல் கூட்டங்களை உள்ளூர் நாளிதழ் கிண்டலடித்தது. ஆனாலும் அங்கிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. அப்போஸ்தலர் 5இல், இயேசுவின் சீடர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு யூத வேத அறிஞர் கமாலியேல் சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுதான்: விட்டுவிடுங்கள், தேவனால் உண்டானதை ஒழிக்க முடியாது.
பதில்: வின்யார்டு என்ற அமெரிக்க சபை இயக்கத்தின் தலைவர் ஜான் விம்பர் பல வருடம் வாய் திறக்கவில்லை. அப்புறம் 1992இல், விமர்சனத்துக்கு ஏன் பதில் சொல்கிறேன் என்றே ஒரு கட்டுரை எழுதினார். நீண்ட மௌனத்தை ஜனங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டே!

வேத ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. மத்தேயு 18:15 முதலில் தனியாகப் பேசச் சொல்கிறது. கலாத்தியர் 2இல் பவுல், அந்தியோகியாவில் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகவே தட்டிக் கேட்டுவிடுகிறார்.

என் கணக்கு இப்படி. பாட்டுச் சத்தம், கைதட்டல், உடை பற்றிய நக்கலா? மௌனம் போதும். உபதேசம் பற்றிய நேர்மையான சந்தேகமா? ஒரே ஒருமுறை, நிதானமாக எழுதுங்கள். காணிக்கைப் பணம், மேய்ப்பரின் நடத்தை பற்றியதா? அங்கே மௌனத்துக்கு இடமே இல்லை. கணக்குக் கேட்டவரிடம் “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று வசனம் காட்டாமல், வரவு செலவுப் புத்தகத்தைக் காட்டுங்கள்.