வான் ரீனன் கணவாயில் முதலில் வந்து நிற்கும் இழுவை வண்டி: ஓர் எச்சரிக்கை

ஜூலை பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் காரில் செல்லவிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நேர்ந்த விபத்து மிகச் சிறியது. அதற்குப் பின் ஓர் இழுவை வண்டிக்காரரும் எங்கள் காப்பீட்டு நிறுவனமும் நடந்துகொண்ட விதம்தான் எங்களை மாதக்கணக்கில் அலைக்கழித்தது.

ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் என்3 நெடுஞ்சாலை ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் மேட்டுநிலத்தை விட்டு குவாசுலு-நட்டால் மாகாணத்தை நோக்கி வான் ரீனன் கணவாய் வழியாக இறங்குகிறது. குளிர்கால விடியற்காலையில், மலையின் நிழல் விழும் வளைவுகளில், தார்ச்சாலையின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத படலமாக உறைந்து கிடக்கும். லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆயினும் கார் வழுக்கிச் சென்று சாலையோர இரும்புத் தடுப்பில் இடதுபக்கம் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. முன்பக்க பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தன. மட்கார்டு நசுங்கிச் சக்கரத்தில் இடித்ததால் காரை ஓட்ட முடியவில்லை.

உடனே காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தேன். வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். சில நிமிடங்களிலேயே ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தவர் எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அவர்கள்தான் தம்மை அனுப்பியதாகக் கூறி, ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். நிறுவனத்தின் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது பிற்பாடுதான் விளங்கியது: முன்கண்ணாடியில் நாங்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே அது இருந்தது. குளிரில் நடுங்கும் பிள்ளைகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் ஒருவர், பொடி எழுத்துகளில் அச்சிட்ட இரண்டு பக்கங்களை நிதானமாகப் படித்துப் பார்க்கமாட்டார் என்பதை நம்பியே இந்தத் தொழில் நடக்கிறது. கார் அந்த இழுவை வண்டிக்காரரின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. காப்பீட்டு நிறுவனம் உண்மையாகவே அனுப்பிய வண்டி கணவாயில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

கிடங்குக்காரர்கள் இழுவைக் கூலி, நாள் வாடகை, காரை விடுவிக்கும் கட்டணம் என்று மூன்று வகையில் பணம் கேட்டார்கள். ரொக்கமாகக் கட்டாமல் கார் வெளியே வராது என்றார்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். என் மனத்தை இன்றும் உறுத்துவது அவர்கள் அதற்குப் பின் செய்ததுதான். கார் எங்கே இருக்கிறது, ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்தும், சேதத்தைக் கணக்கிடும் மதிப்பீட்டாளரை அனுப்புவதற்கு நாள் கடத்தினார்கள். கடைசியில், தாங்கள் அனுமதிக்காத கிடங்கின் வாடகை பாலிசியில் அடங்காது என்று கைவிரித்துவிட்டார்கள்.

இந்தியாவிலிருந்து வந்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. எரிபொருள் விலையோடு வசூலிக்கப்படும் வரியைக் கொண்டு இயங்கும் ரோடு ஆக்சிடென்ட் ஃபண்ட், உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே ஈடு தரும். காரின் சேதத்தை அது ஏற்பதில்லை. ஆகவே நாமாக எடுத்துக்கொண்ட பாலிசிதான் ஒரே துணை. அதுவே கைவிடும்போது வேறு போக்கிடம் இல்லை.

பிறகு மறுப்புக் கடிதம் வந்தது. டயர்கள் தேய்ந்திருந்தனவாம், அதனால் கார் சாலைக்கு ஏற்ற நிலையில் இல்லையாம், இழப்பீடு கிடையாதாம். இந்நாட்டு விதிப்படி டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கள் டயர்களை எந்தெந்த இடத்தில் அளந்தார்கள், எவ்வளவு இருந்தது என்று எழுத்துமூலம் கேட்டு, மதிப்பீட்டாளரின் முழு அறிக்கையையும் கேட்டு வாங்கினேன். அதில் பின்பக்க டயர் ஒன்றின் படம் இருந்தது. ஓர் அளவுகூட இல்லை. அந்தக் குளிர்காலத்துக்கு முன்புதான் முன்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றியிருந்தோம். அந்த ரசீதையும், ஹாரிஸ்மித் காவல் நிலையத்தில் அன்றே பெற்ற விபத்துப் பதிவு எண்ணையும், சாலையின் நிலையைக் காட்டும் படங்களையும் இணைத்து மறுபடியும் எழுதினேன்.

பலருக்கும் தெரியாத செய்தி இதுதான்: மறுப்புக் கடிதத்தோடு கிளைம் முடிந்துவிடுவதில்லை. 2017-இல் வெளியிடப்பட்ட பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி, மறுக்க முடிவெடுத்த 10 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனம் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 90 நாட்கள், அம்முடிவை எதிர்த்து நிறுவனத்திடமே முறையிட நமக்கு அவகாசம் உண்டு. நிறுவனத்தின் சார்பில் தொலைபேசியில் பேசிய பெண்மணி இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நம்பி எத்தனை பேர் பேசாமல் இருந்துவிட்டார்களோ என்று நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

என் கடிதத்துக்குப் பதில் வராததால், நிதி நிறுவனங்கள் மீதான வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் ஸ்கீமிடம் புகார் செய்தேன். வாகனக் காப்பீட்டுப் புகார்களை முன்பு விசாரித்துவந்த ஆம்பட் அலுவலகம், 2024 மார்ச் 1 முதல் வேறு சில ஆம்பட் அலுவலகங்களோடு சேர்ந்து இந்தப் பொது அமைப்பாகியிருக்கிறது. புகார் செய்யக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. புகார் பதிவான பிறகு, தீர்ப்பு வருவதற்கு முன்பே, காப்பீட்டு நிறுவனம் தானாக இறங்கி வந்தது. பாலிசிப்படி நாங்களே ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகையைக் கழித்துக்கொண்டு, பழுதுபார்க்கும் செலவை பேனல் பீட்டருக்கு, அதாவது காரின் நசுங்கலைச் சரிசெய்யும் பட்டறைக்குச் செலுத்தியது. டயரைப் பற்றிய குற்றச்சாட்டு என்னவாயிற்று என்று ஒருவரும் விளக்கவில்லை.

கிடங்குப் பணம் இன்னும் கிடைக்கவில்லை. காரை மீட்பதற்காக அதை நாங்களே கட்டியிருந்தோம். நிறுவனத்தின் தாமதத்தால் ஏறிய வாடகையையாவது திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை அதே புகாரில் நிலுவையில் இருக்கிறது.

அந்த வழியில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே பாலிசியில் இழுவைக்கும் கிடங்குக்கும் எவ்வளவு வரம்பு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் வண்டி அனுப்பும்போது ஒரு குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வந்து நிற்பவர் அந்த எண்ணைத் தாமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சொல்ல முடியாதவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் கொக்கியை மாட்ட விடாதீர்கள். ஹைடல்பெர்க்கிலிருந்து சிடாரா வரை இச்சாலையைப் பராமரிக்கும் என்3 டோல் கன்செஷன் நிறுவனத்தின் ரோந்து வண்டிகள் அங்கே உண்டு. அவர்களையும் அழைத்துவிட்டு, பிள்ளைகளோடு தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பாக நின்று, உரிய வண்டி வரும்வரை காத்திருங்கள்.